ஆயில் லைட் எரியாத கார்

1971 ஜூலை 4, ஞாயிறு

காலையில் வாய்க்காலில் இருந்து தண்ணீர் மொண்டு வந்து காரைக் கழுவினேன். தெருவே நின்று பார்த்தது. அய்யர் புதுக் கார் எடுத்துவிட்டார், பழைய பியட் எனக்கு. ஓட்டிக்கொண்டிருந்த டிரைவருக்கே கார் வந்துவிட்டது என்று பூதலூர் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பேசட்டும். ஆர்.சி. புத்தகம் இன்னும் அய்யர் பேரில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ‘விசாரணை முடியட்டும்டா, பேர் மாத்தித் தரேன்’ என்றிருக்கிறார்.

விசாரணை என்றால் ஓடைப்பங்கு மூன்று ஏக்கர். நில உச்சவரம்புக்குப் பயந்து போன வருஷம் அதை என் பேரில் எழுதி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். ஆக, தாலுகா கச்சேரிக் காகிதத்தில் நான் மிராசுதார். என் அப்பா அதே வயலில் பண்ணையாளாக இருந்து செத்தவர். உழுகிறது என் மச்சான் மருதையன், என் பெண்சாதி ராமாயியின் அண்ணன், பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்கு. சட்டம் வந்திருக்கிறதே, குத்தகைக்காரன் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று. அவன் மனுப் போட்டிருக்கிறான். எதிர்மனுதாரர் யார்? நான்.

நான் போய் ‘நானே சொந்தமாகச் சாகுபடி செய்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் கார்.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அழித்துவிடலாமா என்று இருந்தது.

ஜூலை 9, வெள்ளி

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு கண் சிமிட்டுகிறது. ஓடும்போது இல்லை, வண்டி சூடேறி, எஞ்சின் நிதானத்தில் ஓடியபடி நிற்கும்போது. ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உர டிப்போ கிளார்க், ‘என்னங்க, செவப்பா எரியுது?’ என்று கேட்டார். ‘அது அப்படித்தாங்க, பழைய வண்டி’ என்றேன். அவர் அப்புறம் ரோட்டைப் பார்க்கவே இல்லை, விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்படி ஒரு விளக்கை வைத்துக்கொண்டு சவாரி ஏற்ற முடியுமா?

அய்யரிடம் சொன்னேன். ‘எரியறதுன்னா அணைச்சுடு. இதுக்கெல்லாம் எங்கிட்ட வருவியா? உன் வண்டிடா அது’ என்றார். செலவு என்று வந்தால் மட்டும் என் வண்டி.

ஜூலை 13, செவ்வாய்

தஞ்சாவூர் கீழவாசல் போய் வந்தேன். ஜெகபர் அலி பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதிராம்பட்டினத்துக்காரர். கடைக்குப் பின்னால் சின்னதாக ஒர்க் ஷாப்பும் வைத்திருக்கிறார். அய்யர் வண்டியை ஓட்டிய நாளிலிருந்தே பழக்கம்.

ஆயில் பிரஷர் சுவிட்ச் வேண்டும் என்றேன். கட்டைவிரல் அளவுச் சாமான். எஞ்சின் பக்கவாட்டில் திருகியிருக்கும். உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவிடும்.

“கம்பெனி சாமான் மெட்ராஸ்லேர்ந்து வரணும் தம்பி. எப்ப வரும்னு சொல்ல முடியாது. கைவசம் வெளிச் சாமான் ரெண்டு இருக்கு. ஒண்ணு கோயம்புத்தூர்ப் பட்டறைல உங்க வண்டிக்குன்னே செஞ்சது. இன்னொண்ணு வேற எஞ்சினுக்கு உள்ளது, மரை ஏறக்குறையச் சேரும்.”

சும்மா எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். சைக்கிள் பம்பில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியில் சுவிட்சைப் பொருத்தி, பேட்டரியும் பல்பும் இணைத்தார். கோயம்புத்தூர் சுவிட்ச்சுக்குப் பம்பை நன்றாக அழுத்திக் காற்று ஏற்றிய பிறகுதான் பல்ப் அணைந்தது. இன்னொன்றுக்கு முதல் அழுத்திலேயே அணைந்துவிட்டது.

“பாத்தீங்களா, இதுக்கு லேசாக் காத்து பட்டாப் போதும். திருப்தி ஆயிடும்.”

முதலில் கோயம்புத்தூர் சுவிட்சை வண்டியில் மாட்டினார். எஞ்சினைச் சூடேற்றி நிதானத்தில் விட்டார். விளக்கு சிமிட்டியது. பழையது மாதிரியே.

“அப்ப சுவிட்ச் மேல தப்பில்ல. அழுத்தமே குறையுது. பேரிங் தேஞ்சிருக்கு. எஞ்சினை இறக்கிப் பாக்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, ஆவணி பொறக்கட்டும்.”

ஆவணி பொறக்கட்டுமாம். கார் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகவில்லை. பஸ்ஸில் போய் இறங்கினால் தெருவில் என்ன சொல்வார்கள்? எங்கே கார் என்று கேட்க மாட்டார்களா? அய்யர் வீட்டில் அவர் சம்சாரம் காமு அம்மாள், ‘பாரு, அவாளுக்கு வச்சுக்கத் தெரியலை’ என்று சொல்வாள். எனக்கு அது காதில் கேட்டே விட்டது.

“இன்னொண்ணைப் போட்டுடுங்க பாய்.”

என்னைப் பார்த்தார். “தெரிஞ்சுதானே கேக்குறீங்க?”

“தெரிஞ்சுதான்.”

“இது சொல்லாம இருக்காது. ஆனா லேட்டாச் சொல்லும். எஞ்சின் பாதி செத்தப்பறம் சொல்லும்.” மரை சரியாகப் பிடிக்கவில்லை. சணல் சுற்றி முடுக்கினார். “இது கசியும். தினம் காலைல எண்ணெய்க் குச்சிய எடுத்து அளவு பாருங்க. பாக்காம மட்டும் வண்டிய எடுத்துடாதீங்க.”

திரும்பும்போது வழியெல்லாம் விளக்கு எரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, புதன்

குச்சி பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊற்றினேன்.

ஜூலை 22, வியாழன்

ராமாயியை ஏற்றிக்கொண்டு பூதலூர் சந்தைக்குப் போனேன். பின் சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் வா என்றால் மாட்டேன் என்றாள். திரும்பும்போது மருதையன் யூரியா மூட்டையோடு ரோட்டில் நின்றான். ஏற்றிக்கொண்டேன். வேட்டியில் சேறு என்று சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு வந்தான்.

“நல்லாச் சாஞ்சு உக்காருங்க மச்சான். நம்ம வண்டி.”

“இருக்கட்டும் மாப்ளே. அழுக்காயிடும்.”

ஓடைப்பங்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாற்றங்கால் உழவு ஓட்டியாகிவிட்டது, இந்தத் தடவை விதை நல்ல விதை என்றான். தண்ணீர் எப்போது திறந்தார்கள், எந்த மதகில் எவன் தகராறு செய்கிறான், எல்லாம் சொன்னான். என்னிடம் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 2, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி, தஞ்சாவூர் தாலுகா கச்சேரி, காலையில். இரண்டு பேருக்கும் ஒரே சிப்பந்தி கொண்டு வந்தார். முதலில் அவன் வீடு, அப்புறம் என் வீடு.

சாயங்காலம் மருதையன் வந்தான். “ரயில்ல போயிடுவோம் மாப்ளே. பாசஞ்சர்ல ஏறினா சரியா இருக்கும்.”

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். “கார் இருக்கறப்ப ரயில் என்னத்துக்கு? நாம எல்லாரும் ஒண்ணாப் போவோம்.”

வழக்காடுகிற இரண்டு பேரும் ஒரே காரில் போவதாவது என்று சாட்சிக்கு வரும் பக்கத்து வயல் ரெத்தினம் சிரித்தான். மருதையன் சிரிக்கவில்லை. “சரி மாப்ளே. நீ சொன்னாச் சரி” என்றான்.

கச்சேரி வாசலில் நான் காரில் போய் இறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதானே சொன்னேன்? அதுதான். வேறொன்றும் இல்லை. அன்றைக்கு வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

அய்யர் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைச் சட்டை ஒன்று கொடுத்தார். அளவு சரியாக இருக்கிறது.

“ரெண்டே வார்த்தைதான்டா. ‘சாகுபடி நான்தான் பண்றேன், மருதையன் எனக்கு ஆள் வேலை பார்க்கிறவன்.’ அதுக்கு மேல கேட்டா ‘தெரியாது’ன்னு நில்லு. கர்ணம் எழுதியிருக்கார், அடங்கல்ல சாகுபடி பண்றவன்னு உன் பேர்தான் இருக்கு.”

“சரிங்கய்யா.”

“மச்சான் உறவெல்லாம் அங்கே பாக்காதே.”

“சரிங்கய்யா.”

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

நாளைக்குக் கச்சேரியில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். கார் போனால் போகட்டும். மருதையன்தான் உழுகிறான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

சொல்வேனா?

ஆகஸ்ட் 18, புதன்

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 19, வியாழன்

எழுதி விடுகிறேன். யாரிடம் சொல்வது இதை.

நேற்று வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. நான், மருதையன், அவன் பெண்சாதி அம்சம், ரெத்தினம். மருதையன் முன்னால் உட்கார்ந்தான். மடியில் குத்தகை நெல் அளந்த ரசீது, பழைய வரிச் சீட்டு எல்லாம் ஒரு துணிப்பையில். பூதலூர் தாண்டியதும் சொன்னான்:

“மாப்ளே, நீ அங்க என்ன சொல்லுவேன்னு நான் கேக்க மாட்டேன். ஒனக்கு அய்யரு மொகம் பாக்கணும். சொல்றதச் சொல்லு. வீட்டுக்கு மட்டும் சேந்து திரும்புவோம்.”

உண்மையைச் சொல்லப் போகிறேன் மச்சான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

ஆலக்குடிக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் வயல், எஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம். சுத்தியல் போட்டு அடிப்பது மாதிரி. விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. அப்புறம் எரிந்தது. நன்றாக, சிவப்பாக, சிமிட்டாமல் எரிந்தது. எரிந்த கையோடு வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் பக்கமெல்லாம் எண்ணெய் வழிந்து, சணல் சுற்றிய இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. குச்சியில் எண்ணெய் இல்லை.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பாசஞ்சர் போனது. அதில் போவோம் என்று சொன்ன மருதையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னலில் இருந்து இரண்டு மூன்று பேர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள்.

“நீ வண்டியப் பாத்துக்க மாப்ளே” என்று சொல்லிவிட்டுத் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். ரெத்தினமும் ஓடினான். நான் ஓடவில்லை. யார் எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள் அந்தச் செத்த வண்டியை? ஆனாலும் அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அம்சம் வரப்பில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெயில் சாய்ந்த பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஏதோ மாட்டு வண்டி, அப்புறம் பஸ், போய்ச் சேரும்போது கூப்பிட்டு முடித்துவிட்டார்களாம். மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி. எதிர்மனுதாரரும்தான் ஆஜராகவில்லை. ஆனால் நான் வராததால் எனக்கு நஷ்டம் இல்லை.

“ஆயிடுச்சு மாப்ளே” என்றான். அவ்வளவுதான். பின்னால் போய்க் கையை வைத்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். பூதலூர் வரைக்கும் தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தேன். யாராவது ஒருத்தர் பிடிக்கத்தானே வேண்டும். என் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் படவில்லை.

ஆகஸ்ட் 21, சனி

அய்யர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“நான் கூட நெனைக்கலடா இப்படி. போற வழியிலயே படுக்க வச்சுட்டியே. நீ வாயத் தொறக்கவும் வேண்டாம், பொய் சொன்ன பாவமும் வேண்டாம். நோக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டுன்னு நேக்குத் தெரியாமப் போச்சே.”

“இல்லீங்கய்யா, வண்டி தானாத்தான்...”

“தெரியும்டா, தெரியும்.” காமு அம்மாளைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார். எப்போதும் கொட்டகையில் கொடுப்பார்கள். இன்றைக்குக் கூடத்து வாசலில்.

குடித்தேன். அதையும் குடித்தேன்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

ராமாயி மூன்று நாளாகப் பேசவில்லை. சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். இன்றைக்குக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“வேணும்னு செஞ்சீங்களா?”

“பைத்தியமாடி ஒனக்கு?”

“எங்கண்ணன் கேக்கச் சொல்லல. நான்தான் கேக்குறேன்.”

“வண்டி கெட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“அதான் கேக்குறேன். செஞ்சீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். ‘இல்லை’ என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? வரவில்லையே அது.

ஆகஸ்ட் 30, திங்கள்

வண்டியைக் கயிறு கட்டி லாரியில் இழுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். எஞ்சினைத் திறந்தார்கள். பேரிங் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாய் சுவிட்சைக் கழற்றித் துடைத்துப் பலகை மேல் வைத்தார்.

“காலைல குச்சி பாத்தீங்களா?”

“பாத்தேன் பாய்.”

“எவ்வளவு இருந்துச்சு?”

பலகை மேலிருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. வேறு ஆள் ஸ்பிரிங் பட்டை கேட்டு வந்தார், அவரிடம் போய்விட்டார்.

கச்சேரிக்குப் போன அன்று காலையில் குச்சி பார்க்கவில்லை. இங்கேயாவது சொல்கிறேன். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்று பானெட்டைத் தூக்கவில்லை. ஆனால் தரையைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. நன்றாகப் பார்த்தேன். ஒரு மாதமாக வண்டி ஓடும்போது விளக்கு எரிந்ததில்லை, அதையும் நினைத்துக்கொண்டேன். அதுதான் எரியலையே, அப்புறம் என்ன என்று ஏறி உட்கார்ந்தேன். மச்சான் ஏறுகிறான், அம்சம் ஏறுகிறாள், நான் கீழே எண்ணெய் இருப்பதைத் தெரிந்துகொண்டே சாவியைத் திருப்புகிறேன்.

நின்றுவிட வேண்டும் என்று நினைத்தேனா? சத்தியமாக நினைக்கவில்லை. நின்றுவிட்டால் நான் கச்சேரியில் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேனா?

தெரியலையே. எனக்கே தெரியலையே. கோயம்புத்தூர் சுவிட்ச் மாட்டியிருந்தால் ரயில்வே கேட்டுலயே எரிஞ்சிருக்கும். நான்தான வேண்டாம்னேன்.

செப்டம்பர் 8, புதன்

விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். மறு விசாரணைக்கு மனுப் போடலாமாம். வராததற்குக் காரணம் காட்ட வேண்டும். ‘கார் நடுவழியில் நின்றது, நான்தான் ஓட்டினேன், அவர் பேரில் தப்பில்லை என்று நீங்க ஒரு வாக்குமூலம் கொடுத்தாப் போதும். எதிராளியே சொன்னா அதுக்கு மதிப்பு ஜாஸ்திங்க’ என்றார்.

“மச்சான் கேக்கச் சொன்னாரா?”

“அவர் வேண்டாம்னாருங்க. நானாத்தான் வந்தேன்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 9, வியாழன்

அய்யருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அதட்டவில்லை. எஞ்சின் வேலையைத் தானே பார்த்துத் தருவதாகச் சொன்னார். ஆர்.சி.யும் இந்த மாதமே மாற்றிவிடலாமாம். ‘சங்கத்துக்காரன் வந்தா, ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்லுடா’ என்றார்.

சங்கத்துக்காரர் மத்தியானம் வந்தார். நான் உள்ளேதான் இருந்தேன். ராமாயி வாசலில் நின்று, “இருக்காரு, ஆனா இல்லேன்னு சொல்லச் சொல்லியிருக்காரு” என்றாள்.

அவர் போய்விட்டார். நான் இடத்தைவிட்டு அசையவில்லை.

செப்டம்பர் 25, சனி

மறு விசாரணைக்குக் கெடு முடிந்துவிட்டதாம். ரெத்தினம் டீக்கடையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான்.

கார் வந்துவிட்டது. கம்பெனி சுவிட்ச் போட்டிருக்கிறார் பாய், மெட்ராஸிலிருந்து வரவழைத்து. ஆர்.சி.யில் என் பேர். இராஜாங்கம், த/பெ. மாரிமுத்து. சவாரி நிறைய வருகிறது.

எங்கள் தெருவிலிருந்து மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அம்சத்தின் தங்கைக்கு வலி எடுத்தபோது மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். கார் வாசலில்தான் நின்றது.

அக்டோபர் 7, வியாழன்

ஓடைப்பங்கில் இன்று சம்பா நடவு.

கர்ணம் வந்து பார்த்து எழுதுவார், நில உடைமைக்காரன் வயலில் நிற்க வேண்டும் என்று அய்யர் சொல்லி அனுப்பியிருந்தார். காரை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் போய் நின்றேன். நாற்றெல்லாம் மருதையன் விட்ட நாற்று. நோட்டீஸ் வந்த வாரத்தில் விதைத்தது. பச்சை பிடித்து, ஒரே சீராக, அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. மனு தள்ளுபடி ஆனதும் அய்யர் வயலை எடுத்துக்கொண்டார், அவர் காரியஸ்தர் கூலிக்கு ஆள் கூப்பிட்டிருந்தார். நாற்று பறித்துக் கொடுக்க வந்த ஆட்களில் மருதையனும் ஒருத்தன்.

அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. வராமல் என்ன செய்வான்? இந்த வருஷம் அவனுக்கு உழ வேறு நிலம் ஏது?

கர்ணம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். “ஆரம்பிக்கலாமே” என்றார். நடவுப் பெண்கள் வரிசையாக இறங்கி நின்றார்கள். முதல் நாற்றை நிலத்துக்குச் சொந்தக்காரன் வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். யாரும் நகரவில்லை. ராமாயியும் அந்த வரிசையில்தான் நின்றாள். தலையைக் குனிந்திருந்தாள்.

மருதையன் ஒரு முடி நாற்றை எடுத்தான். வேர்ச் சேற்றை வாய்க்கால் தண்ணீரில் அலசினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். வரப்புக்குக் கீழே, சேற்றில் நின்றபடியே, இரண்டு கையாலும் நீட்டினான்.

“நீங்க வைக்கணுங்க” என்றான்.

ராமாயியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் என்னை நீங்க என்று சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை. மற்ற வயல்களில் மற்ற சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வாங்கிக்கொண்டேன். வைத்தேன்.